ஒரு கையொப்பத்துக்கு மூன்று லோஞ்ச்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. குறிகட்டுவானில் லோஞ்சுக்குக் காத்துக்கொண்டு நிற்பவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம். மற்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

போன வருசத்துக்கு முந்தின வருசம், தை மாதம். காலமை பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு எல்லாம் கடந்து குறிகட்டுவானில் இறங்குகிறேன். எங்கள் பாடசாலையில் பத்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளையின் தாய் லோஞ்சால் இறங்கி வருகிறா. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மழை, கடல் தண்ணி எதுவும் படாமல் மடித்துப் பிடித்திருக்கிறா. நான் தீவுக்குப் போகிறேன், அவ கரைக்கு வருகிறா. இரண்டு பேரும் இறங்குதுறையில் நின்று கதைத்தோம்.

"எங்கயம்மா வெள்ளண?"

"ஐடென்ரி காட் அலுவல்தான் ரீச்சர். இண்டைக்கு மூண்டாவது தரம்."

முதல் தரம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்க. இரண்டாம் தரம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பதிவு செய்யப்பட்ட ஸ்ரூடியோவில் படம் எடுக்க. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேசிய அடையாள அட்டைக்கு இப்போது நினைத்த இடத்தில் படம் எடுக்க முடியாது. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். படத்தை அவர்கள் இணையத்தில் அனுப்பிவிட்டு எங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள். மூன்றாம் தரம் ஏன் என்று கேட்டேன். படிவத்தில் பிள்ளையின் பெயரில் ஒரு எழுத்து பிறப்புச் சான்றிதழோடு பொருந்தவில்லையாம். திரும்பி வந்துவிட்டது. புதுப் படிவம் நிரப்பி, திரும்ப அதிபரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அதிபர் அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் கூட்டத்தில் நிற்கிறார். ஆகவே அவ கடல் கடந்து, அதிபரைத் தேடி, கூட்டம் நடக்கிற மண்டப வாசலுக்குப் போகிறா. கையொப்பம் போடுகிறவர் தீவுப் பாடசாலையின் அதிபர். கையொப்பம் வேண்டியது தீவில் இருக்கிற பிள்ளைக்கு. சந்திக்கப் போகிற இடம் யாழ்ப்பாணம்.

"பஸ் காசு போனால் பரவாயில்ல ரீச்சர். ஒரு நாள் போகுது பாருங்கோ, அதுதான்" என்றா.

அவ கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போகிறவ. ஒரு நாள் போனால் அந்த நாளின் கூலி போகும். அன்றைக்கு லோஞ்சில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். எங்கள் வகுப்பில் அந்த வருசம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் 14 பேர். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று பயணம் என்றால் நாற்பதுக்குக் கிட்டக் கடல் கடக்கிறார்கள். பிள்ளைகளும் படம் எடுக்கப் போகிற நாள் பாடசாலைக்கு வராது. இத்தனையும் ஒரு அட்டைக்கு. அந்த அட்டை இல்லாவிட்டால் சாதாரண தரப் பரீட்சை மண்டப வாசலில் பிள்ளை நடுங்கிக்கொண்டு நிற்கும். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உற்பத்தித்திறன் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆசிரியர்களுக்கு இந்தச் சொல் கேட்டால் ஒரு சின்னச் சிரிப்பு வரும். காரணம், எங்களுக்கு உற்பத்தித்திறன் என்றால் ஐந்து எஸ். தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் போட்டிக்குப் பாடசாலை தெரிவாகிவிட்டால் ஒரு மாதத்துக்கு வீடு வாசல் இல்லை. தேவையில்லாததை அகற்று, இருப்பதை ஒழுங்குபடுத்து, துப்புரவாக்கு, ஒரு நியமம் வை, அதைப் பழக்கமாக்கு. ஜப்பான்காரரின் ஐந்து சொல். நான் முந்திப் படிப்பித்த ஒரு பாடசாலையில் மேசையில் பேனை வைக்கிற இடத்துக்குக் கோடு கீறி "பேனை" என்று எழுதி ஒட்டினோம். அலுமாரியில் "அலுமாரி" என்று ஒட்டினோம். பூச்சாடி இருக்கிற இடத்தில் மஞ்சள் வட்டம். நடுவர்கள் வந்து போனார்கள். எங்களுக்கு ஒரு சான்றிதழும் கிடைத்தது. அதே நேரம் அலுவலக வாசலில் விடுகைப் பத்திரத்துக்கு வந்த ஒரு தகப்பன் மதியம் மட்டும் வாங்கில் இருந்தார். அவர் இருந்த வாங்குக்கும் நாங்கள் இலக்கம் ஒட்டியிருந்தோம்.

ஐந்து எஸ் வேலைக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இருக்கிறது. 2000 ஆம் ஆண்டளவில் அங்கே பணிப்பாளராக வந்த வைத்தியர் விமல் கரந்தாகொட இந்த ஐந்து எஸ்ஸில்தான் தொடங்கினார். மருந்தை, உபகரணத்தைத் தேடுகிற நேரத்தைக் குறைத்தால் அந்த நேரம் தாய்மாருக்குக் கிடைக்கும். இடம் ஒழுங்கானதோடு நிற்காமல் வேலை நடக்கிற விதத்தையும் ஊழியர்கள் சின்னக் குழுக்களாகக் கூடி மாற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் அந்த ஆஸ்பத்திரியை உதாரணமாக எடுத்து, 2007 இல் இருந்து ஆபிரிக்க நாடுகளுக்கு அந்த முறையைக் கொண்டுபோனது. பதினைந்து நாடுகள். எங்கள் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்த்து ஆபிரிக்கா பழகியிருக்கிறது. எங்கள் போட்டிகளிலோ ஒட்டுகிற லேபலோடு காரியம் முடிந்துவிடுகிறது.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது முகாமைத்துவப் பாடத்துக்கு ஒரு போட்டோப் பிரதிக் குறிப்பு தந்தார்கள். அதில் "செயன்முறை மீள்வடிவமைப்பு" என்று ஒரு தலைப்பு. பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோனேன். அந்தத் தாயைக் கண்ட கிழமைதான் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்து, இணையத்திலும் கொஞ்சம் துளாவி, விளங்கி வாசித்தேன்.

மைக்கல் ஹமர் என்கிற அமெரிக்கர் 1990 இல் ஹாவர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரையில் இருந்துதான் இந்தக் கதை பெரிதாகத் தொடங்குகிறது. அவர் சொன்ன உதாரணம் போர்ட் கார்க் கொம்பனி. சாமான் தருகிறவர்களுக்குக் காசு கொடுக்கிற பிரிவில் மட்டும் வட அமெரிக்காவில் 500 பேருக்கு மேல் வேலை. புதுக் கம்பியூட்டர் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு ஆளைக் குறைக்கலாம் என்று நினைத்தார்கள். பிறகு மஸ்டா கொம்பனியில் போய்ப் பார்த்தால் அதே வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள். மஸ்டா சின்னக் கொம்பனி என்று தள்ளுபடி கொடுத்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

விசயம் என்னவென்றால், போர்ட்டில் மூன்று கடதாசி பொருந்த வேண்டும். சாமான் கேட்டு எழுதின ஓடர், சாமான் வந்திறங்கின துண்டு, விற்றவன் அனுப்பின பில். மூன்றும் பொருந்தினால் காசு. பொருந்தாவிட்டால் ஏன் பொருந்தவில்லை என்று தேடுவதுதான் அந்த 500 பேரின் அநேக நேரம். கடைசியில் பில்லையே தூக்கிவிட்டார்கள். ஓடர் கம்பியூட்டரில் இருக்கும். சாமான் வந்திறங்கும்போது களஞ்சியத்தில் நிற்கிறவர் பார்த்துச் சரி என்று அடித்தால் காசு போகும். ஆள்கணக்கு நாலில் மூன்று பங்கு குறைந்தது. ஹமர் சொன்னதன் சாரம் இதுதான்: வளைந்து வளைந்து போகிற மாட்டு வண்டிப் பாதைக்குத் தார் போடாதே. பாதை ஏன் வளைகிறது என்று முதலில் கேள்.

1990 என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. எங்கள் ஆட்களுக்கு அந்த வருசத்தின் அர்த்தம் வேறு. ஒக்ரோபர் 30. வாப்பா, உம்மா, மூத்த ராத்தா எல்லாரும் சோனகத்தெருவில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிட்டவர்கள். நான் பிறந்தது பிறகு, புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். வீட்டைப் பற்றி வாப்பா அதிகம் கதைக்க மாட்டார். அலுமாரியின் மேல்தட்டில் இருந்த தகரப் பெட்டியைப் பற்றித்தான் கதைப்பார். அதற்குள்தான் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும், கலியாணப் பதிவும், காணி உறுதியும் இருந்தது.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, வாப்பா தன் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் புத்தளத்தில் இருந்து யாழ்ப்பாணம் வந்தார். முதல் நாள் ஒரு அலுவலகத்தில் பதிவு இலக்கம் கேட்டார்கள். பதிவு இலக்கம் எழுதின கடதாசி தகரப் பெட்டிக்குள். இரண்டாம் நாள் பதிவுப் புத்தகத்தைத் தேடுகிற உத்தியோகத்தர் லீவு. மூன்றாம் நாள் தேடிவிட்டு அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். சொந்தத் தெருவில் கூரை இல்லாத சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரின் கடையில் படுத்து எழும்பி, வெறுங்கையோடு புத்தளம் திரும்பினார். பிறகு இன்னொரு தரம் வந்துதான் எடுத்தார். இத்தனைக்கும் ஒருவரும் அவரை ஏசவில்லை, ஒருவரும் சதம் காசு கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

இப்போது பதிவாளர் நாயகம் திணைக்களம் பழைய பதிவுகளை ஸ்கான் பண்ணிக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஏற்றின பதிவென்றால் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். சில வருசத்துக்கு முந்தி உம்மாவுக்குப் பிரதி தேவைப்பட்டபோது புத்தளத்திலேயே போய்க் கேட்டோம். யாழ்ப்பாணத்தில் பதிந்த பிறப்பு. ஒரு காலமைக்குள் தந்துவிட்டார்கள். வாப்பா அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். சந்தோசத்தில் கேட்டாரா, தன்னுடைய அந்த நாட்களை நினைத்துக் கேட்டாரா தெரியாது.

அந்தப் பழைய அலுவலகத்தின் உற்பத்தித்திறனை யாரும் அளந்திருந்தால் நல்ல புள்ளிதான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை விண்ணப்பம் பார்த்தோம் என்று புத்தகத்தில் இருக்கும். வாப்பா வந்த மூன்று நாளையும் மூன்று வேலையாகக்கூட எழுதியிருப்பார்கள். கவுண்டருக்கு உள்ளே இருக்கிறவரின் நேரம் கணக்கில் வரும். வெளியில் நிற்கிறவரின் நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தீவில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் இரண்டு மடங்கு. மற்றவன் அரை நாள் விடுகிற இடத்தில் நாங்கள் முழு நாள் விட வேண்டும். காத்து எழும்பி லோஞ்ச் ஓடாவிட்டால் அதுவும் பிழை.

சரி, எங்கள் பாடசாலைக் கதைக்கு வருகிறேன். எந்தப் பாடசாலை என்று எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதிபரிடம் போய், "சேர், இந்த அடையாள அட்டை அலுவலை ஒருக்காப் பாப்பமா?" என்று கேட்டேன். "பாருங்கோ ரீச்சர்" என்றார். நான் உடனே கூகிள் படிவம் ஒன்று செய்தேன். பெற்றோர் போனிலேயே விபரத்தை நிரப்பலாம். எனக்கு நல்ல பெருமை. என்ன நடந்தது? பாதிப் பேர் நிரப்பவில்லை. நிரப்பின பாதியிலும் பெயர்ப் பிழை. அதற்குப் பிறகும் திணைக்களத்துக்குப் போகிற கடதாசிப் படிவத்தைக் கையால் நிரப்பத்தான் வேண்டும். எங்கள் அலுவலகத்து முகாமைத்துவ உதவியாளர் தங்கச்சி என்னைப் பார்த்து, "அக்கா, முந்தி ஒரு வேலை. இப்ப ரெண்டு வேலை" என்றா. மாட்டு வண்டிப் பாதைக்கு நானே தார் போட்டிருந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை நானும் அந்தத் தங்கச்சியும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு படிவம் போகிற வழியைக் கீறினோம். யாரிடம் போகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, எங்கே திரும்பி வருகிறது. பதினொரு இடம் வந்தது. அதில் மூன்று இடத்தில் கடல். கீறி முடிய எங்களுக்கே வெட்கமாக இருந்தது. திரும்பி வருகிற படிவங்களில் அநேகமானவை பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் திரும்புகின்றன. அந்தப் பெயர் எங்கள் சேர்வு இடாப்பில் இருக்கிறது. பிள்ளை முதலாம் ஆண்டுக்கு வரும்போது தந்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கோவையில் இருக்கிறது. பத்து வருசமாக எங்கள் அலுமாரிக்குள் இருக்கிற பெயரைத் தாய் தன் ஞாபகத்தில் இருந்து எழுதி, பிழை என்று திரும்பி, ஒரு நாள் கூலியை விட்டிருக்கிறா. அலுமாரியில் "அலுமாரி" என்று ஒட்டினால் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் ஆண்டு மூன்றாம் தவணையிலேயே வகுப்பாசிரியர் கோவையில் இருந்து பெயர்களை எடுத்து ஒரு பட்டியல் போடுவார். பெயர் வித்தியாசம் இருந்தால் அப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவோம். அதைத் திருத்த ஒரு வருசம் கையில் இருக்கும். புதுப் பிரதி தேவைப்படுகிறவர்களின் விண்ணப்பத்தை எல்லாம் ஒன்றாக்கி, யாராவது ஒரு தகப்பன் கரைக்குப் போகிற நாளில் கொண்டுபோய்க் கொடுத்து எடுத்து வருவார். பதிவு செய்த ஸ்ரூடியோக்காரர் ஒருவரைக் கேட்டோம். பதினாலு பேரின் படம் ஒரே நாளில் என்றதும் அவருக்கும் சந்தோசம். கமராவோடு லோஞ்ச் ஏறி வந்தார். அன்றைக்குக் காத்து வேறு, மனுசன் ஓங்காளித்துக்கொண்டுதான் இறங்கினார். பிளேன்ரீ கொடுத்து, கொஞ்ச நேரம் இருக்கவிட்டு, நூலகத்தில் சீலை கட்டிப் படம் எடுத்தோம். அதே நாள் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் இருந்து படிவம் நிரப்பினார்கள். அதே நாள் அதிபர் தன் கதிரையில் இருந்து பதினாலு கையொப்பமும் போட்டார். அன்றைக்குக் கூட்டம் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து அழைப்பு வந்தும் சேர் போகவில்லை. அதை இங்கே எழுதலாமோ தெரியாது, எழுதிவிட்டேன்.

அந்த வருசம் ஒரு படிவமும் திரும்பி வரவில்லை. நாற்பதுக்குக் கிட்ட இருந்த கடல் பயணம் இரண்டாகக் குறைந்தது. பிள்ளைகள் ஒருவரும் பாடசாலை நாள் விடவில்லை. அலுவலகத் தங்கச்சிக்கு இரண்டு கிழமை இழுபடுகிற வேலை இரண்டு நாளில் முடிந்தது. ஒரு சதம் செலவில்லை, ஒரு கம்பியூட்டரும் வாங்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தப் பதிவை அப்போதே எழுதி உங்கள் பாராட்டை வாங்கியிருப்பேன். நிறுத்தவில்லை. வெற்றி கண்ட சூட்டில் மற்ற அலுவல்களிலும் கை வைத்தோம். கடிதங்களைப் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். மூலப்பிரதி தேவையானதை மட்டும் சேர்த்து வைத்து இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அனுப்பினால் போதும். இதனால் எங்கள் பாடசாலை உதவியாளர் அண்ணை செவ்வாயும் வெள்ளியும் பையைத் தூக்கிக்கொண்டு கடல் கடக்கிற வேலை இல்லாமல் போனது. மாதத்துக்கு எட்டுத் தரம் போன ஆள் இரண்டு தரம். ஆறு நாள் மிச்சம். அந்த ஆறு நாளும் பாடசாலையில் அவருக்கு வேலை இருந்தது. வேலி, தண்ணித் தாங்கி, உடைந்த கதிரைகள். கூட்டத்தில் இதைச் சொன்னபோது கை தட்டினார்கள். அண்ணை மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்து, "அண்ணை, உங்கட வேலைக்கு ஒண்டும் ஆகாது" என்றேன். "அதில்ல ரீச்சர்" என்று மட்டும் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை ஒரு ஆச்சி பாடசாலை வாசலுக்கு வந்தா. பேரப்பிள்ளைகூட எங்களிடம் படிக்கவில்லை. "அவன் ஏன் இப்ப போறேல்ல?" என்று கேட்டா. யார் என்றால், அண்ணை. அப்போதுதான் விசயம் வெளிக்கிட்டது. அண்ணையின் பைக்குள் எங்கள் கடிதம் மட்டும் போய் வரவில்லை. ஆச்சியின் பிரசர்க் குளிசை, இன்னொருவரின் இன்சுலின், கண்ணாடிக் கடையில் திருத்தக் கொடுத்த கண்ணாடி, வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பின காசை எடுக்கிற அலுவல், ஒரு வாத்தியாருக்குப் புதினப் பத்திரிகை. பதினொரு வீடு. தங்கச்சி விசாரித்து எண்ணினா. எங்கள் கலண்டர் தாளிலும் பதினொரு இடம்தான் இருந்தது. அந்தப் பதினொன்றில் இந்தப் பதினொன்று ஒன்றுகூட இல்லை.

நான் அண்ணையிடம் போய், "ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?" என்று கேட்டேன். "அது ஸ்கூல் வேலை இல்லத்தானே ரீச்சர். என்னெண்டு கூட்டத்தில சொல்லுறது?" என்றார்.

ஹமருக்கும் இதுமாதிரி ஒன்று நடந்திருக்கிறது. அவருடைய யோசனையை எடுத்துக்கொண்டு அமெரிக்கக் கொம்பனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. மீள்வடிவமைப்பு என்றால் வேலை நீக்கம் என்று ஆகிவிட்டது. 1996 இல் அவரே ஒரு பத்திரிகையில் ஒத்துக்கொண்டார், தான் பொறியியல் படித்தவன் என்றபடியால் மனுசப் பக்கத்தைப் போதியளவு கவனிக்கவில்லை என்று. அவ்வளவு பெரிய ஆளுக்கே ஆறு வருசம் எடுத்தது. எனக்கு மூன்று கிழமை. ஆச்சிக்கு நன்றி.

அதிபர் வெள்ளிக்கிழமைப் பயணத்தைத் திருப்பி வைத்தார். காகிதாதிகள் வாங்க, போட்டோப் பிரதி எடுக்க என்று காரணம் எழுதியிருக்கிறது. இரண்டும் உண்மைதான், கணக்காய்வுக்காரர் யாரும் இதை வாசித்தால் பயப்பட வேண்டாம். செவ்வாய் திரும்ப வரவில்லை. இன்சுலின் எடுக்கிற வீட்டுக்கு இப்போது இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. பத்திரிகை வாங்கின வாத்தியார் போனில் வாசிக்கப் பழகிவிட்டார், பழகினதைப் பற்றி இன்றைக்கும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் அண்ணை வேலி கட்டும்போது இறங்குதுறைப் பக்கம் பார்க்கிறதை நான் காண்கிறேன்.

நாட்டு மட்டத்திலும் இப்படி எத்தனையோ நடக்கிறது. 2023 ஜூனில் கடவுச்சீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவு செய்த பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுத்து, புத்தகத்தை வீட்டுக்கே கூரியரில் எடுக்கிற முறை வந்தது. நல்ல வடிவமைப்பு. ஆனால் 2024 இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகமே தட்டுப்பட்டு, பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றது. படிவம் போகிற வழியைத் திருத்தினார்கள், புத்தகம் வருகிற வழி பழையபடி. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஓடின எங்களுக்கு அது பெரிய காரியம், சந்தேகமில்லை. நெடுந்தீவில் இருந்து வருகிறவருக்கு மட்டும் முதல் ஒரு மணித்தியாலம் அதே கடல்தான். கூரியர்க்காரர் நெடுந்தீவுக்கு வருவாரா என்று அங்கே படிப்பிக்கிற ஒரு சிநேகிதி கேட்டா. நான் சிரித்தேன், அவ சிரிக்கவில்லை.

அலுவலகங்களில் இருக்கிற நண்பர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களைக் குறை சொல்வதற்கு எழுதவில்லை. ஒரு உதவி கேட்கத்தான் எழுதினேன். உங்கள் கவுண்டருக்கு வருகிறவரிடம் விண்ணப்பத்தை வாங்கும்போது, "இதுக்காக இது எத்தனையாவது தரம் வாறீங்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு, ஒரு கொப்பியில் அந்த இலக்கத்தை மட்டும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் போதும். நாங்கள் இந்த வருசத்தில் இருந்து எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். விடுகைப் பத்திரத்துக்கு இன்னும் இரண்டு என்று வருகிறது. ஏன் இரண்டு என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கருவாட்டுத் தாயின் இரண்டாவது மகள் இப்போது ஒன்பதாம் ஆண்டு. போன கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவ என்னைப் பிடித்தா.

"ரீச்சர், இவளின்ர ஐடென்ரி காட்டுக்கு நான் எத்தனை தரம் அங்கால போகவேணும்?"

"ஒரு தரமும் வேண்டாம். எல்லாம் இஞ்சயே முடியும்."

கொஞ்ச நேரம் யோசித்தா.

"ஐயோ, அப்ப நான் அக்கா வீட்ட போறதுக்கு மனுசனிட்ட என்னத்தைச் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுறது?"

ஒரு தரம் மட்டும் வேண்டுமென்றால் நான் கடிதம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.